போடியார் வாசித்த காயிதம்

சாய்ந்தமருது
14.01.1979

மரியாதைக்குரிய மச்சான் அபுல் ஹஸன் போடியார் அவர்களுக்கு, முகைதீன்பாவா சொல்லி எழுதுவிப்பது. அஸ்ஸலாமு அலைக்கும்.

காலில் உள்ள புண் ஆறி வருகிறதா? சீனியைக் குறைத்தீர்களா? தங்கச்சி கைருன்னிஸா உங்களோடு கொழும்பில் இருப்பதால் எனக்குப் பாதிக் கவலை இல்லை. என் சாச்சாவின் மகள் வாய்க்கு நீங்களும் அடங்குவீர்கள் என்பதை முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன்.

சூறாவளி அடித்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. உங்கள் வீட்டு ஓடு பாதி போனது, சுவர் நிற்கிறது. தென்னை இருபத்திமூன்றில் நிற்பது நான்கு. நாவலடி வயல் கண்டத்து வாடிக் குடிலில் காவலுக்குப் படுத்திருந்த றாபியாவின் மாப்பிள்ளை மௌத்தாகி அவள் விதவையான செய்தி உங்களுக்கு வந்திருக்கும். என் வீட்டில் கூரைதான் போனது. அல்ஹம்துலில்லாஹ்.

இதை எழுதுவது என் மகன் மர்சூக்கின் பெண்சாதி றுகையா. மர்சூக் கட்டாருக்குப் போய் ஒன்றரை வருடம். இவள் வெலிமடைப் பக்கம் பிறந்து சிங்களப் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பெண்ணுக்குச் சீதனமாக வீடு கட்டிக்கொடுக்கும் நம் ஊருக்கு வீடில்லாமல் வந்தவள் என்று எவ்வளவு பழித்தார்கள். “முகைதீன்பாவாக்கு மருமகள் வந்தாச்சி, வீடுதான் இன்னம் வந்து சேரல்ல” என்று சந்தையில் வைத்தே கேட்டார்கள். சூறாவளி நிவாரணப் படிவம் எல்லாம் சிங்களத்தில் வந்தது. பழித்த அதே சனம் எங்கள் வாசலில் வரிசையாக நின்றது. ஒருவருக்கும் பழசைச் சொல்லிக் காட்டாமல் நூற்றுக்கு மேல் படிவம் நிரப்பிக்கொடுத்தாள். இதை எழுத மாட்டேன் என்று இப்போதும் பேனாவைக் கீழே வைக்கிறாள். “நான் சொல்றத்த எழுது மகள், கடிதம் என்ட” என்று சொல்லியிருக்கிறேன்.

இனி விஷயம். நனைந்த பெட்டகத்தைக் காயப்போட்டபோது 1973இல் அரசாங்கக் கந்தோரிலிருந்து வந்த சிங்களக் காயிதம் ஒன்று கிடைத்தது. றுகையா வாசித்தாள். நாவலடிக் கண்டம் அரச காணி. காட்டை வெட்டியது நெற்கூலிக்கு உங்களுக்கு வயல் செய்யும் நாங்கள் பதினொரு முல்லைக்காரர். விதைநெல்லும் எருமையும் போடியாரான உங்களுடையது. அந்தக் காணியைச் செய்கிறவர்கள் எல்லோரும் 18.07.1973 அன்று காணி விசாரணைக் கச்சேரிக்கு வந்து நிரூபித்தால் ஆளுக்கு இரண்டு ஏக்கர் அனுமதிப் பத்திரம் தருவதாக அதில் இருக்கிறதாம்.

அந்தக் காயிதத்தை உங்களிடம்தான் கொண்டுவந்து வாசிப்பித்தோம். “பதினெட்டாந் திகதி வாய்க்கால் பூட்டப் போறானுகளாம், தண்ணி நிண்டிடும். ஒருத்தரும் ஊருக்கு வரப்படா, வயல்லயே நில்லுங்க” என்றீர்கள். அது புதன்கிழமை. பதினொரு பேரும் வாய்க்கால் கட்டில் பொழுதுபடும் வரை இருந்தோம். வாய்க்கால் பூட்டப்படவில்லை.

குறையாகச் சொல்லவில்லை. ஞாபகமாகச் சொல்கிறேன். எல்லோருக்கும் என் ஸலாம்.

முகைதீன்பாவா

*

தெமட்டகொடை
20.02.1979

அன்பு மச்சானுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

கடிதம் கிடைத்தது. கைருன்னிஸா இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கால் அப்படியே இருக்கிறது. கிழமைக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து கட்டுகிறேன். கொழும்புத் தண்ணீர் எனக்குச் சேரவில்லை. விழுந்த தென்னைகளை நல்ல விலைக்குக் கேட்டால் மட்டும் கொடுக்கவும். ஓட்டைப் பொலித்தீனால் மூடிவைக்கவும். நம் பள்ளிவாசல் மினாரா வெடித்தது என்கிறார்களே, உண்மையா?

மகன் வீட்டில் பேரப்பிள்ளைகள் சுகம். மருமகள் றுகையா படித்த பிள்ளைதான். ஆனாலும் ஒரு பெண்பிள்ளையைக் கந்தோர் கந்தோராக அலைய விடுவது நம் குடும்பத்துக்கு அழகல்ல என்று அவளுக்குச் சொல்லவும்.

உங்கள் துஆவை வேண்டும்,
அபுல் ஹஸன்

*

சாய்ந்தமருது
11.03.1979

மச்சானுக்கு ஸலாம். காலுக்கு வேப்பிலை அவித்துக் கழுவச் சொல்லிக் கைருன்னிஸாவுக்குத் தனியாகச் சொல்லுகிறேன். மினாரா வெடித்தது உண்மை. தென்னைகளை இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

நீங்கள் சொல்லச் சொன்னதை றுகையாவுக்குச் சொன்னேன். “சரி மாமா. அப்ப நீங்க பேசுங்க, நான் பக்கத்துல சும்மா நிக்கிறன்” என்றாள். அப்படியே இரண்டு பேரும் கந்தோருக்குப் போனோம். விடியப் போய் மத்தியானம் லுஹர் வரை மரத்தடியில் நின்றோம். சிங்களம் பேசுகிற ஆட்கள் பின்னால் வந்தாலும் உள்ளே கதிரையில் இருந்தார்கள். எங்கள் ஆட்களை ஒருவரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் விளங்கியிருக்காது. கடைசியில் நான்தான் சொன்னேன்: “மகள், இனிச் சும்மா நிக்கத் தேவல்ல.”

அவள் உள்ளே போய்ச் சிங்களத்தில் கதைத்ததும் கிளாக்கர் எழும்பிக் கதிரை காட்டினார். அவள் இருக்கவில்லை. “மாமாக்கு அறுபத்தெட்டு வயசு, கதிரைய அவருக்குக் குடுங்க” என்று சொன்னாளாம். நான் இருந்தேன் மச்சான். இந்த வயதில் ஒரு கந்தோர்க் கதிரையில் நான் இருந்தது அன்றுதான்.

பைலை எடுத்துப் பார்த்தார்கள். ‘1973இல் ஒருவரும் சமூகமளிக்கவில்லை, ஆகவே அந்தக் கண்டத்தில் பயிர் செய்வோர் இல்லை’ என்று எழுதியிருக்கிறது.

“ஆள் வராட்டி வயலும் இல்லயா?” என்று கேட்டாள்.

கிளாக்கர் சிரித்துவிட்டார். மோசமான மனிதர் இல்லை. இந்த வருடம் இன்னொரு கச்சேரி நடக்கும், ஆனால் காலியான காணி என்று நினைத்து வெளியார் பலர் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள் என்றார். நாம் 73இல் ஏன் வரவில்லை என்பதை அந்தஸ்துள்ள ஒருவர் சாட்சி சொன்னால்தான் பைலைத் திறக்கலாமாம். இல்லாவிட்டால் காணி கைமாறும். போன வருடச் சட்டத்தில் தமிழும் இருக்கிறதே, ஒரு காயிதமாவது தமிழில் அனுப்பினால் என்ன என்று றுகையா கேட்டாள். தமிழ் டைப் அடிக்க ஆள் இல்லை என்றார். “நான் அடிப்பன். வேல இரிக்கா?” என்றாள்.

விதைநெல் கொடுத்தவர் நீங்கள். காயிதத்தை வாசித்தவரும் நீங்கள். உங்களை விட அந்தஸ்துள்ளவர் நமக்கு யார் இருக்கிறார்கள்?

முகைதீன்பாவா

இதன் மேல் நான்கு வரி வெட்டப்பட்டிருப்பதைக் காண்பீர்கள். மாமா சொன்னார், எழுதினேன். பிறகு வெட்டச் சொன்னார், வெட்டினேன். மை கொட்டியது அல்ல. – றுகையா

*

தெமட்டகொடை
02.06.1979

மச்சானுக்கு ஸலாம்.

பதில் தாமதம். கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறேன்.

சாட்சி விஷயம் மகனோடு கதைத்தேன். அரச காணியில் விதைத்தேன் என்று நானே எழுதிக்கொடுத்தால் அது எனக்கே வழக்காகத் திரும்பும் என்கிறான். மேலும், 73இல் என் கண் பார்வை மங்கலாக இருந்தது. அந்தக் காயிதத்தை நான் சரியாகப் பார்த்திருக்க மாட்டேன். பதினெட்டாம் திகதி என்று சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகமில்லை. ஆறு வருடத்துக்கு முந்திய கதை.

நெல் என்ன விலை போகிறது? கைருன்னிஸா உங்களுக்கு உடுக்க ஒரு சாரம் வாங்கி வைத்திருக்கிறாள். ஆள் வரும்போது அனுப்புகிறோம்.

அபுல் ஹஸன்

*

சாய்ந்தமருது
20.06.1979

மச்சானுக்கு ஸலாம். விரல் போன செய்தி கேட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காலால் நீங்கள் மிதித்த வரப்பு எல்லாம் எனக்குத் தெரியும். அல்லாஹ் மிச்சத்தைக் காப்பாற்றட்டும்.

கண் மங்கலாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். அந்த மாதத்தில்தான் ஆற்றின் அக்கரையில் நின்ற எருமையின் குறியைப் பார்த்து, “அது அப்துல் ஸமட்டுர கிடா, நம்மட இல்ல” என்று சொன்னீர்கள். போய்ப் பார்த்தோம். அப்துல் ஸமட்டுடையதுதான்.

எழுத்துத் தெரியாதவனுக்கு எல்லாவற்றையும் மண்டையில்தான் வைக்க வேண்டும் மச்சான். வேறு இடம் இல்லை.

றுகையா இப்போது பின்னேரம் அஸருக்குப் பிறகு எங்கள் முற்றத்தில் பெண்களுக்குச் சிங்கள எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். மாப்பிள்ளையை இழந்த றாபியாதான் முதல் வந்தாள். அவளுக்குக் கிடைக்க வேண்டிய உதவிக் காயிதம் அரிசிப் பானைக்குள் இரண்டு மாதம் கிடந்ததாம், அரசாங்கக் காயிதம் என்றால் வரி என்று பயந்து. இப்போது பதினாறு பேர். “ஓதிக்குடுத்த வயசெல்லாம் போய், சிங்களம் படிக்கிற வயசு வந்திட்டு கிழவிகளுக்கு” என்று வேலிக்கு வெளியே நின்று சிரித்தார்கள். றாபியா உள்ளே இருந்து, “ஓம், படிச்சி முடிச்சி ஒனக்கு வாற காயிதத்த நான்தான் வாசிப்பன். அப்ப வந்து சிரி” என்றாள். நான் ஒரு மூலையில் இருந்து பார்க்கிறேன். எழுத்து எனக்கு ஏறாது. ஆனால் இதைப் பார்ப்பது நல்ல விளைச்சலைப் பார்ப்பது போல இருக்கிறது.

கச்சேரிக்கு நாள் வைத்தாயிற்று. செப்டெம்பர் 26.

நேற்று எங்கள் பதினொருவரில் ஒருவனான அப்துல் கபூர் எல்லோர் முன்னாலும் சொன்னான்: “போடியார் தெரிஞ்சிதான் அண்டைக்கு நம்மள வாய்க்கால்ல இருத்தினாரு. நமக்குக் காணி வந்தா அவருக்கு முல்லைக்கு ஆள் ஏது?” அவனை ஏசினேன். வயதில் மூத்தவன் ஏசினால் வாயை மூட வேண்டும் அல்லவா, மூடினான். ஆனால் அவன் கேட்டதை உங்களுக்கு எழுதச் சொல்லி றுகையாவிடம் சொன்னேன்.

முகைதீன்பாவா

*

சாய்ந்தமருது
12.08.1979

மச்சானுக்கு ஸலாம். நோன்பு பதினெட்டு. உங்களுக்கு நோன்பு பிடிக்க முடியாது என்று தெரியும். சீனி வருத்தக்காரருக்குக் கட்டாயம் இல்லை என்று மௌலவி சொல்கிறார், மனதை வருத்த வேண்டாம்.

உங்கள் பதில் வரவில்லை. தபாலில் தவறியிருக்கும் என்று றுகையா சொல்கிறாள். அவள் நல்ல பிள்ளை.

செப்டெம்பர் 26, புதன்கிழமை.

முகைதீன்பாவா

*

தெமட்டகொடை
05.09.1979

மச்சானுக்கு ஸலாம். இதை மகனுக்கும் கைருன்னிஸாவுக்கும் காட்டாமல் எழுதுகிறேன்.

போன கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு துண்டு தந்தார்கள். சிங்களத்தில் இருந்தது. மகன் வேலைக்குப் போய்விட்டான். யாரிடமாவது கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. துண்டில் 4 என்ற இலக்கம் இருந்தது. நாலாம் அறைக்கு முன்னால் வரிசையில் நின்றேன். புண் காலோடு அஸர் வரை நின்றேன். கதவைப் பூட்ட வந்த பெண்பிள்ளை துண்டை வாங்கிப் பார்த்து, அது நாலாம் திகதி வரச் சொன்ன துண்டு என்று தமிழில் சொன்னாள். அது பல் வைத்தியர் அறை. “என்ன சீயா, வாசிக்கத் தெரியாதா?” என்று பாட்டனாரைக் கேட்பது போலக் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. “தெரியா” என்று சொன்னேன்.

அதைச் சொல்ல எனக்கு எழுபது வயது வேண்டியிருந்தது.

மச்சான், அந்த எழுத்து எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. தமிழ் வாசிப்பேன், குர்ஆன் ஓதுவேன். கந்தோர்க் காயிதம் எல்லாம் அந்தப் பாஷைக்கு மாறியபோது ஊர் தன் காயிதத்தையெல்லாம் என்னிடம் கொண்டுவந்தது. போடியாருக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்தார்கள். தெரியாது என்று முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இலக்கத்தையும் முத்திரையையும் பார்த்து, காலத்துக்குப் பொருத்தமாக ஒன்றைச் சொல்வேன். சில நேரம் சரியாக வந்தது. சரியாக வந்ததைத்தான் ஊர் ஞாபகம் வைத்தது.

உங்கள் காயிதத்தில் 18 ஐயும் 7 ஐயும் கண்டேன். சிறுபோகம், தண்ணீர் இறுக்கமான மாதம். வாய்க்கால்தான் என்று சொன்னேன். கச்சேரி என்று தெரிந்திருந்தால் நானும்தான் போயிருப்பேனே. அப்துல் கபூர் நினைப்பது போல இல்லை. அதை விடக் கேவலம்.

இந்தக் கடிதத்தைக் கச்சேரியில் காட்டுங்கள். என் கையெழுத்து இருக்கிறது.

அபுல் ஹஸன்

*

சாய்ந்தமருது
11.09.1979

மச்சானுக்கு ஸலாம். ஸலாம் என்ற சொல்லை இந்த முறை நான் சமாதானம் என்ற அதன் பொருளோடு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை றுகையா வாசித்தாள். பாதியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். வந்து மிச்சத்தை வாசித்தாள். “மாமா, இது அவருட பிழை மட்டும் இல்ல. ஒரு ஊருக்கே விளங்காத காயிதத்த அனுப்பினவன்ட பிழையும் இரிக்கி” என்றாள். எனக்கு அது தோன்றவில்லை. ஜனவரியிலிருந்து உங்களைப் பற்றித் தோன்றியது வேறு, அப்துல் கபூர் சொன்னதேதான். வெட்டிய வரிகளில் அது இருந்தது. உங்களிடம் ‘ஏன்’ என்று ஒரு சொல் கேட்காமல், வளைத்து வளைத்து எழுதிக்கொண்டிருந்தது என் பிழை. மாப்புத் தாருங்கள்.

கடிதத்தைக் காட்ட மாட்டேன். எல்லாம் காயிதத்தால் வந்த வினை. உங்களுக்கு நடக்க முடிந்தால் நீங்களே வாருங்கள். வர முடியாவிட்டால் நான் என் ஞாபகத்தை மட்டும் கொண்டு போவேன். அது பதினொரு பேரைத் தாங்குமோ தெரியாது.

முகைதீன்பாவா

*

சாய்ந்தமருது
07.10.1979

தங்கச்சி கைருன்னிஸாவுக்கு, காக்கா முகைதீன்பாவாவின் ஸலாமும் துஆவும்.

உன் மாப்பிள்ளை சுகமாக இருக்கிறார். புண் பெரிதாகவில்லை. ஒரு கிழமை என்று சொல்லிவிட்டு வந்தவர் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருக்கிறாய். நடந்ததை அவர் உனக்கு எழுத மாட்டார். நான் சொல்கிறேன்.

கச்சேரியில் முதலில் என்னைக் கேட்டார்கள். காணி அதிகாரி சிங்களத்தில் கேட்க, றுகையா தமிழில் சொன்னாள். 57 ஆம் வருடம் காடு வெட்டியதிலிருந்து எந்தப் போகத்தில் எந்தத் துண்டை யார் செய்தான், எந்த வருடம் வெள்ளம் எந்த வரப்பு வரை வந்தது, யானை எந்தப் பக்கத்தால் இறங்கியது எல்லாம் சொன்னேன். அதிகாரி நடுவில் இரண்டு முறை முன்பு சொன்னதையே திரும்பக் கேட்டுப் பிசகுகிறேனா என்று பார்த்தார். வரைபடத்தில் விரல் வைத்து, “இது?” என்றார். “அது அப்துல் கபூர்ட துண்டு. நடுவுல ஒரு நாவல் மரம் நிண்டது, 64ல வெட்டினம்” என்றேன். எழுதிக்கொண்டார். “இவ்வளவு தெரிந்த நீங்கள் 73இல் ஏன் வரவில்லை?” என்று கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் உன் மாப்பிள்ளை ஊன்றுகோலோடு எழும்பினார். வெள்ளைச் சேர்ட், தொப்பி, எல்லாம் பெருநாளைக்குப் போல. ஊர் முழுக்க மண்டபத்தில் இருந்தது.

“நான்தான் காரணம்” என்றார். “காயிதத்த என்னட்டத்தான் கொண்டு வந்தாங்க. எனக்கு வாசிக்கத் தெரியா. தெரியும் எண்டு சொன்னன். இலக்கத்தப் பாத்து வாய்க்கால் பூட்டுற நாள் எண்டு சொன்னன்.”

பின்னால் யாரோ சிரிக்கப் பார்த்தான். அப்துல் கபூர் திரும்பிப் பார்த்தான், சிரிப்பு நின்றது.

“தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லியிருக்கலாமே, ஏன் நடித்தீர்கள்?” என்று அதிகாரி கேட்டதை றுகையா சொன்னாள்.

“ஐயா, நான் இப்ப தமிழ்ல கதைக்கிறன். நீங்க தலைய ஆட்டுறீங்க. உங்களுக்கு விளங்குதா?”

றுகையா ஒரு நொடி என்னைப் பார்த்தாள். மழுப்பிச் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லும் குறைக்காமல் அப்படியே சிங்களத்தில் சொன்னாள். அதிகாரியின் முகம் சிவந்தது. காரியம் கெட்டது என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்து, “இல்லை. விளங்கவில்லை” என்றார்.

“அப்ப நாம ரெண்டு பேரும் ஒண்டுதான்” என்றார் உன் மாப்பிள்ளை.

தங்கச்சி, நாற்பது வருடமாக அவருடைய வயலில் நின்றிருக்கிறேன். அன்றைக்குப் போல அவரை நிமிர்ந்து பார்த்ததில்லை.

பைல் திறக்கப்பட்டது. பதினொரு பேரில் ஒருவர் மௌத்து என்றதும் பத்து என்று எழுதப் போனார்கள். றுகையா விடவில்லை. “அவருட பெண்சாதி றாபியா இங்க இரிக்கா. அவவும்தான் நாத்து நட்டவ” என்றாள். ஆண்களின் பெயர்தான் வழக்கம் என்றார்கள். அது சட்டமா, வழக்கமா என்று கேட்டாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வழக்கம் என்றார்கள். றாபியா எழும்பிப் போய், கைநாட்டுக்கு நீட்டிய மைப்பெட்டியைத் தள்ளிவைத்துவிட்டு, தன் பெயரைச் சிங்களத்தில் எழுதினாள். மூன்று எழுத்துக்கு நல்ல நேரம் எடுத்தாள். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

பதினொரு பெயரும் பட்டியலில் இருக்கிறது. பத்திரம் கைக்கு வர இன்னும் மாதம் ஆகலாம். இனி வரும் காயிதத்துக்குத் தமிழ்ப் பிரதியும் வைப்பதாக அதிகாரி சொன்னார். வருகிறதா என்று பார்ப்போம். அடுத்த போகம் பதினொரு பேரும் தங்கள் பெயருக்கு விதைப்பார்கள், இன்ஷா அல்லாஹ். விதைநெல் யார் தருவது என்று இன்னும் கதைக்கவில்லை.

இனி உன் மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்பது. கச்சேரி முடிந்த மறுநாள் உங்கள் வீட்டு அலுமாரியைத் திறந்து, ஊரார் இத்தனை வருடமாக அவரிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு எடுக்காமல் போன காயிதங்களை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கு வந்தார். “மகள், இதெல்லாம் என்ன எண்டு பாருங்க” என்றார். றுகையாவும் அந்தப் பதினாறு பெண்களும் சுற்றி இருந்து ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். ஒருவனுக்கு வேலை நேர்முகம் வந்திருக்கிறது, நாள் கடந்துவிட்டது. ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூட உதவிப்பணம், அதற்கு இன்னும் தவணை இருக்கிறது. இன்னொருவருக்குக் கிணற்றுக்கு அனுமதி. மூன்று வருடமாக அவர் தண்ணீர் சுமக்கிறார்.

நாள் இருக்கிற காயிதங்களுக்கு றுகையா பதில் எழுதுகிறாள். நாள் கடந்த காயிதங்களை உன் மாப்பிள்ளை யாரிடமும் கொடுத்தனுப்புவதில்லை. தானே அந்த வீட்டுக்குப் போய், அதில் என்ன இருந்தது என்றும் தான் என்ன சொன்னேன் என்றும் சொல்லிவிட்டு வருகிறார். சிலர் ஏசுகிறார்கள். ஒருவர் கதவைத் திறக்கவில்லை. வாசலில் நின்றே சொல்லிவிட்டு வந்தார். நேற்று அப்துல் கபூர் தன் சைக்கிள் கரியரில் அவரை ஏற்றிக்கொண்டு போனான்.

இதுவரை ஒன்பது வீடு. சாக்கில் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. அவருடைய சீனிக் குளிசை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. இரண்டு மாதத்துக்குப் போதுமானதாக அனுப்பி வை.

உன் காக்கா
முகைதீன்பாவா